கோரைப்பல்லும் 0.274 என்ற எண்ணும்

போன வருடம் மே மாதம் சார் என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை சொன்னார். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. 30 பேருடைய கீழ்த்தாடை காஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். காஸ்ட் என்றால் பல்லையும் ஈறையும் அப்படியே ஸ்டோன் என்னும் கெட்டி ஜிப்சம் மாவில் வார்த்து எடுத்தது. ஆளையும் பார்க்காமல் பெயரையும் பார்க்காமல், அதிலிருக்கும் கோரைப்பல்லை மட்டும் அளந்து இது ஆண், இது பெண் என்று எழுத வேண்டும். கடைசியில் பெயர்ப் பட்டியலைத் திறந்து எத்தனை சரி என்று எண்ண வேண்டும். "ஒரு வாரத்து வேலைம்மா" என்றார். செப்டம்பர் முடியும்போதுதான் பட்டியலைத் திறந்தேன்.

நான் வாய் நோயியலில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு படிக்கிறேன். இந்தியாவில் தடயவியல் பல் மருத்துவம் இந்தத் துறையின் தலையில்தான் விழுகிறது. நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்திருக்கிற எங்களிடம் எப்போதாவது ஒரு தாடை எலும்பு அட்டைப் பெட்டியில் வந்து சேரும். கூட வரும் கடிதத்தில் இரண்டே கேள்விகள் இருக்கும்: வயது என்ன, ஆணா பெண்ணா. இறந்தவருடைய பழைய பல் எக்ஸ்ரேயும் சிகிச்சைச் சீட்டும் கையில் இருந்தால் ஒப்பிட்டு இன்னார் என்றே சொல்லிவிடலாம். நம் ஊரில் பல் வலித்தால்தான் டாக்டர். அந்தச் சீட்டும் மறு மாதம் காணாமல் போய்விடும். ஒப்பிட ஒன்றும் இல்லாதபோது, தேட வேண்டிய ஆட்களின் வட்டத்தைக் குறைக்க இந்த இரண்டு பதில்கள் உதவும்.

இடுப்பெலும்பு முழுசாகக் கிடைத்தால் பல்லை யாரும் சீண்டமாட்டார்கள். எலும்பைப் பார்த்து ஆண், பெண் சொல்வதில் அதற்குத்தான் முதலிடம், அடுத்தது மண்டையோடு. ஆனால் உடைந்த தாடைத் துண்டு மட்டும் வந்தால்? குழந்தையின் எலும்பு என்றால்? பருவம் வராத பிள்ளையின் இடுப்பில் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது. கோரைப்பல்லின் தலைப்பகுதியோ ஆறேழு வயதுக்குள் எலும்புக்குள்ளேயே முழு அளவுக்கு உருவாகி முடிந்துவிடும். முளைத்து வெளியே வருவதுதான் பிறகு, கீழ்த்தாடையில் ஒன்பது பத்து வயதில். அதன்பின் அது தேயலாம், உடையலாம், ஒரு இழைகூட வளராது. சொத்தை அதிகம் பிடிக்காது, வேரும் நீளம் என்பதால் கடைசிவரை தாடையில் நின்றுகொண்டிருக்கும் பல்லும் அதுதான்.

ஆணின் பல் ஏன் பெரிது என்பதற்கு ஃபின்லாந்தில் அல்வேசலோ என்ற ஆய்வாளர் நல்ல விளக்கம் ஒன்று கொடுத்திருக்கிறார். எக்ஸ் குரோமோசோம் பல்லின் வெளி ஓடான எனாமலின் வளர்ச்சியைத்தான் பெரும்பாலும் தூண்டுகிறது; ஒய் குரோமோசோம் எனாமல், அதற்கு அடியிலிருக்கும் டென்டின் இரண்டையுமே தூண்டுகிறது. ஒற்றை எக்ஸ் மட்டும் உள்ள பெண்களுக்குப் பல் வழக்கத்தைவிடச் சிறிது. ஒரு ஒய் கூடுதலாக உள்ள ஆண்களுக்கு வழக்கத்தைவிடப் பெரிது. எல்லாப் பற்களிலும் இந்த வித்தியாசம் கொஞ்சம் உண்டு. கோரைப்பல்லில்தான் அதிகம், அதிலும் கீழ்க் கோரைப்பல்லில்.

அதிகம் என்றால் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். பாடநூல் சொல்லும் கீழ்க் கோரைப்பல்லின் அகலம் சுமார் 7 மி.மீ. ஆண் சராசரிக்கும் பெண் சராசரிக்கும் உள்ள இடைவெளி அதில் பத்து சதவீதத்தைக்கூடத் தொடாது. ஒரு ஏ.டி.எம். அட்டையின் தடிமன் முக்கால் மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை நான் தேட வேண்டும்.

இதற்கு 1989-இலேயே ஒரு குறுக்குவழி போட்டுவிட்டார்கள். கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்து இளம் வயதினரை அளந்து, ராவும் உடன் ஆய்வாளர்களும் கீழ்க் கோரைப்பல் குறியீடு என்ற ஒன்றைத் தடயவியல் இதழில் வெளியிட்டார்கள். கோரைப்பல்லின் அகலத்தை, இரண்டு கோரைப்பல் நுனிகளுக்கும் இடையே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். வரும் எண் 0.274-ஐத் தாண்டினால் ஆண், தாண்டாவிட்டால் பெண். அந்த 0.274 வந்த வழியும் எளிதுதான்: ஆண்களின் சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தை (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற எண்) கழித்து, பெண்களின் சராசரியோடு திட்ட விலக்கத்தைக் கூட்டி, இரண்டையும் சேர்த்துப் பாதியாக்கியிருக்கிறார்கள். அவர்கள் அளந்தவர்களில் ஆண்களில் 84 சதவீதமும் பெண்களில் 87 சதவீதமும் சரியாகப் பிரிந்ததாக எழுதியிருந்தார்கள். எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது, தேர்விலும் கேட்பார்கள். நானே இரண்டு தடவை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

சரி, காஸ்ட்டுக்கு எங்கே போவது? பல் சீரமைப்புத் துறையில் அறை முழுக்க அடுக்கி வைத்திருக்கிறார்கள், கம்பி போடுவதற்கு முன் எடுத்தவை. வயது, ஆணா பெண்ணா எல்லாம் அடியிலேயே எழுதியிருக்கும். கெஞ்சி 40 வாங்கிவந்து மேசையில் பரப்பினேன். அப்போதுதான் உறைத்தது. பல் கோணலாக இருப்பவர்கள்தானே கம்பி போட வருவார்கள்! ஒன்றில் கோரைப்பல் உதட்டுப் பக்கம் ஏறி நிற்கிறது. இன்னொன்றில் அரைச் சுற்று திரும்பி, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறது. நுனிக்கும் நுனிக்கும் உள்ள தூரம் என்று இதில் எதை அளப்பது? நெரிசல் இல்லாத காஸ்ட்டாகப் பொறுக்கியதில் ஏழு தேறின. ஏழும் பெண்கள். நாற்பதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே சொந்தமாக அளவு எடுப்பது என்று ஆனது. எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கு ஆறு வாரம். 18 முதல் 25 வயது, கீழ்வரிசையில் பல் எதுவும் போகாமல் இருக்க வேண்டும், நெரிசல், இடைவெளி, அடைப்பு, உடைந்த நுனி இருக்கக் கூடாது, கம்பி போட்டிருக்கக் கூடாது. வயதுக்கு வரம்பு வைத்ததற்குக் காரணம் தேய்மானம். மெல்லும்போது பற்கள் ஒன்றோடொன்று உரசி, தொடும் இடங்கள் வருடக்கணக்கில் தேய்ந்து அகலம் குறையும். 50 வயது ஆணின் பல்லை 20 வயதுப் பெண்ணின் பல்லோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கிராமத்திலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கோரைப்பல்லின் உதட்டுப் பக்கம் வழுவழுவென்று பள்ளமாக இருந்தது. விசாரித்தால், சின்ன வயதிலிருந்து செங்கல் பொடியில் பல் விளக்கியிருக்கிறான். அவனையும் விட்டுவிட்டேன்.

முதல் சோதனை அச்சை என் வாயிலேயே எடுத்தேன். அச்சுப் பசையை ஏந்தும் டிரேயின் அளவு, அந்தப் பசையான ஆல்ஜினேட்டின் பதம் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. ஜூனியர் பெண் ஒருத்தி எடுத்தாள், நான் எச்சில் வழிய உட்கார்ந்திருந்தேன். அந்த காஸ்ட்டை லேப் அண்ணனிடம் கொடுத்துவிட்டு மறந்தும் போனேன்.

எங்கள் லேப் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பல் செட் செய்வதில் முப்பது வருட அனுபவம். ஸ்டோன் மாவைத் தண்ணீரில் தூவும்போது தராசே தேவையில்லை அவருக்கு. எனக்கு மட்டும் 100 கிராமுக்கு 30 மில்லி என்று அளந்து காட்டினார். எங்களுடைய முதல் பத்து காஸ்ட்டையும் தள்ளிவிட்டது அவர்தான்.

அந்தப் பத்தும் ஏன் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதைச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும். வெயில் இன்னும் தணியவில்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது. அந்தக் குழாய்த் தண்ணீரிலேயே ஆல்ஜினேட் கலக்கினேன். சூடு கூடினால் அது சீக்கிரம் இறுகிவிடும் என்பது இரண்டாம் வருடப் பாடம். பரீட்சைக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. டிரேயை வாய்க்குள் கொண்டுபோவதற்குள் மேற்பரப்பு தோல் கட்டியிருந்தது. வந்த அச்சில் கோரைப்பல்லின் ஓரம் இழுபட்டுக் கிடந்தது. ஃபிரிட்ஜ் தண்ணீரைச் சேர்த்துக் கலக்கிய பிறகுதான் எனக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது.

அடுத்த தப்பு இன்னும் மோசம். மாலையில் எட்டுப் பேருக்கு அச்சு எடுத்து, வரிசையாக மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து ஊற்றியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆல்ஜினேட்டில் பெரும்பகுதி தண்ணீர்தான். வெளியே வைத்தால் கசிந்து, காய்ந்து, சுருங்கும். அதற்குப் பயந்து தண்ணீரில் போட்டால் உறிஞ்சி ஊதும். எடுத்த கையோடு கழுவி, கிருமிநாசினி தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஸ்டோன் ஊற்ற வேண்டும். முடியாவிட்டால் ஈரத்துணியில் பொதிந்து வைக்கலாம், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அண்ணன் என் காஸ்ட்களைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இதுல செட் பண்ணினா நோயாளி வாய்ல ஏறாது. நீங்க அரை மில்லிமீட்டர் தேடுறேன்னு சொல்றீங்க."

தலை குனிந்து எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். அதற்குள் இரண்டில் கோரைப்பல் நுனியே இல்லை. அச்சிலிருந்து காஸ்ட்டைப் பிரிக்கும்போது உயரமான பல்தானே முதலில் மாட்டும், அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். ஒரு மணி நேரம் பொறுத்துப் பிரிக்க வேண்டும் என்று சொன்னார். பிறகு எடுத்தவற்றில் ஒன்றுகூட ஒடியவில்லை.

ஸ்டோன் இறுகும்போது விரியுமே, அதனால் அளவு கெடாதா என்று ஜூனியர் கேட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். விரிவு அதிகபட்சம் 0.2 சதவீதம். 7 மி.மீ. பல்லுக்கு 0.014 மி.மீ. பல்லை அளக்கும் காலிப்பர் கருவியே அதைப் பார்க்காது. கவலைப்பட வேண்டியது குமிழியைப் பற்றித்தான். பல்லை ஒட்டி அச்சில் ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டால் அந்த இடத்தில் ஸ்டோன் புகுந்து, காஸ்ட்டில் கடுகு மாதிரி ஒரு முண்டு வரும். அது இரண்டு பல் தொடும் இடத்தில் இருந்தால் ஒரே முண்டு ஒரு பெண்ணை ஆணாக்கிவிடும். ஆல்ஜினேட்டை டிரேயில் போடும் முன் கொஞ்சம் விரலில் எடுத்துக் கோரைப்பல்லைச் சுற்றித் தேய்த்துவிட்டு, பிறகு டிரேயை அழுத்தினால் இது பெரும்பாலும் வராது.

காஸ்ட் தயாரான பிறகு காலிப்பர். இணையத்தில் மலிவாக வாங்கிய ஒரு டிஜிட்டல் காலிப்பரோடு ஆரம்பித்தேன். திரையில் இரண்டு தசம இடம் காட்டுகிறது, எனக்கு ஏக மகிழ்ச்சி. திரை 0.01 காட்டுவது வேறு, கருவி 0.01 வரை சரியாக இருப்பது வேறு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. நல்ல கருவிக்கே 0.02 கூடக் குறைய இருக்கலாம். என்னுடையது மூடித் திறந்தால் ஒருமுறை 0.00, இன்னொருமுறை 0.05. பேட்டரி இறங்கினால் தனிக்கூத்து. அதை மூட்டை கட்டிவிட்டு, துறையில் கிடந்த பழைய எஃகு வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். அதில் படிக்க முடிந்த மிகச் சிறிய அளவு 0.02 மி.மீ. கோடுகளை எண்ணிப் படிக்கக் கண் வலிக்கும், ஆனால் பொய் சொல்லாது.

அதிலும் ஒரு சிக்கல். அகலம் என்பது பல் தன் இரு பக்கத்துப் பற்களையும் தொடும் புள்ளிகளுக்கு இடையே உள்ள அதிகபட்சத் தூரம். காலிப்பர் முனை தடியாக இருந்தால் இரண்டு பல்லுக்கு நடுவே அந்தப் புள்ளிவரை இறங்காது. உதட்டுப் பக்கத்திலேயே முட்டி நிற்கும். அங்கே பல் ஒடுங்கியிருப்பதால் வரும் எண் சிறியதாக இருக்கும். எங்கள் வெர்னியரின் முனை ஸ்குரூடிரைவர் மாதிரி இருந்தது. அண்ணன் அதை மைக்ரோமோட்டாரில் கல் மாட்டித் தேய்த்துக் கொடுத்தார், வெளிப்பக்கத்தை மட்டும். அளக்கும் உட்பக்கத்தைத் தொட்டால் கருவி செத்தது. தேய்த்த பிறகு பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியின் அளவியல் லேபில் 7 மி.மீ. ஸ்லிப் கேஜை (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்துப் பார்த்தோம். 7.00. அன்றைக்கு டீ நான் வாங்கிக் கொடுத்தேன்.

அளக்கும் விதம் இது. காஸ்ட்டை மேசையில் அசையாமல் வைத்து, முனைகளை உதட்டுப் பக்கத்திலிருந்து, மெல்லும் தளத்துக்கு இணையாக உள்ளே விட வேண்டும். தொட்டதும் நிறுத்த வேண்டும், நெருக்கக் கூடாது. எஃகும் ஸ்டோனும் மோதினால் ஸ்டோன்தான் தோற்கும். நான்காவது தடவை அளக்கும்போது வெர்னியர் முனையில் மெல்லிசாக மாவு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அளக்க அளக்கப் பல்லைச் சீவிக்கொண்டிருந்திருக்கிறேன்! மூன்று தடவைக்குமேல் ஒரு காஸ்ட்டைத் தொடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு.

நுனிக்கு நுனி தூரம் சுலபம் என்று நினைப்பீர்கள். நுனி ஊசியாக இருந்தால் சுலபம்தான். இருபது வயதிலேயே பலருக்கு நுனி லேசாகத் தேய்ந்து சின்னத் தட்டாகியிருக்கிறது. அந்தத் தட்டின் நடுவில் கூர்மையான பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, புள்ளிக்குப் புள்ளி அளந்தேன். இரண்டு பக்கமும் கோரைப்பல்லை அளந்தேன். கணக்குக்கு எடுத்தது இடது பக்கத்தை, அதாவது பல் மருத்துவர்கள் 33 என்று குறிக்கும் பல்லை.

இவ்வளவும் செய்து என் கை எவ்வளவு நம்பகம் என்று பார்க்க, ஐந்து காஸ்ட்டை இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தேன், பழைய எண்ணைப் பார்க்காமல். முதல் தடவைக்கும் இரண்டாம் தடவைக்கும் வித்தியாசங்கள்: 0.10, 0.20, 0.16, 0.30, 0.14. டால்பெர்க் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, எண்ணிக்கையின் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். எனக்கு வந்தது 0.14 மி.மீ. நான் தேடுவதே நாலைந்து தசமம்தான். அதில் ஒன்றரைத் தசமம் என் கை நடுக்கம். முதல் தடவை ஐந்தையும் இரவு பதினோரு மணிக்கு, முப்பதையும் ஒரே மூச்சில் முடிக்கும் வெறியில் அளந்தது நினைவுக்கு வந்தது. அதன்பின் ஒரு நாளுக்குப் பத்துக்குமேல் இல்லை, காலையில் மட்டும், டேபிள் லாம்ப் போட்டுக்கொண்டு. வேறு ஐந்து காஸ்ட்டை எடுத்து மறுபடி சோதித்தபோது வித்தியாசங்கள் 0.04, 0.02, 0.06, 0.08, 0.02. சூத்திரத்தில் போட்டால் 0.04-க்கும் கீழே. இதோடு விட்டுவிட்டேன்.

கண்ணைக் கட்டும் வேலையை அண்ணனிடமே கொடுத்திருந்தேன். பெயரை அழித்துவிட்டு 1 முதல் 30 வரை எண் போட்டு, பட்டியலை ஒட்டிய கவரில் வைத்துத் தன் மேசையில் பூட்டிக்கொண்டார். எக்செல்லில் 30 வரி. அகலம், தூரம், வகுத்தல், 0.274-க்கு மேலா கீழா. எழுதி முடித்து, சார் முன்னிலையில் கவரைத் திறந்தோம்.

பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் கிட்டத்தட்ட இதே அளவுக்கு வந்திருக்கும். பெண்களில் பெரும்பாலோரைப் பெண் என்று சரியாகச் சொல்லியிருந்தது. ஆண்களிலும் பெரும்பாலோரைப் பெண் என்றே சொல்லியிருந்தது. ஏறக்குறைய எல்லோரையும் பெண் என்று எழுதிவைத்தால் பாதி சரியாகத்தானே இருக்கும்!

அளந்தது தப்போ என்று முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். இரவு உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தபோது இரண்டு காஸ்ட்டில் கண் நின்றது. 6-ஆம் எண், பெண்: அகலம் 6.60, தூரம் 24.90. 23-ஆம் எண், ஆண்: அகலம் 7.20, தூரம் 27.10. இருவருடைய பல்லிலும் 0.60 மி.மீ. வித்தியாசம். என் கையின் பிழையைப்போல் பல மடங்கு, சந்தேகமே இல்லாத வித்தியாசம். வகுத்துப் பாருங்கள். 6-க்கு 0.265. 23-க்கு 0.266.

பெரிய பல் உள்ளவருக்குத் தாடையும் அகலமாக இருக்கிறது. மேலேயும் கூடுகிறது, கீழேயும் கூடுகிறது, வகுத்ததும் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. எந்த வித்தியாசத்தைத் தேடி அளக்கிறோமோ அதையே வகுத்தல் விழுங்கிவிடுகிறது. மறுநாள் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சாரிடம் சொன்னேன். சிரித்தபடி ஒரு கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். 2009-இல் ஆச்சார்யாவும் மைனாலியும் நேபாளத்து காஸ்ட்களை அளந்துவிட்டு இதையேதான் எழுதியிருக்கிறார்கள்: விகிதம் அளவின் வித்தியாசத்தை மறைக்கிறது, ஆகவே குறியீட்டை நம்ப வேண்டாம், நேரடி அளவையே பயன்படுத்துங்கள் என்று. "முதல்லயே கொடுத்திருந்தா நீ அளந்திருக்க மாட்டே" என்றார். கோபம் வந்தது. நியாயம் அவர் பக்கம்தான் என்பதால் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. 12-ஆம் எண்ணின் அகலம் 7.18, தூரம் 26.30, குறியீடு 0.273. பெண். அகலத்தை 7.24 என்று படித்திருந்தால் 0.275. ஆண். நடுவில் இருப்பது 0.06 மி.மீ., தலைமுடி தடிமன். என் கை நன்றாகப் பழகிய பிறகும், ஒரே காஸ்ட்டில் ஒரே வாரத்தில் அந்த அளவு தடுமாறியிருக்கிறது. இப்படி ஒரு எண்ணை வைத்துக்கொண்டு போலீஸ் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

வகுத்தலை விட்டுவிட்டு வெறும் அகலத்தை மட்டும் எடுத்து, வரைபடத் தாளில் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குச் சிவப்பு என்று புள்ளி வைத்தேன். எக்செல்லே வரைந்து கொடுக்கும், ஆனாலும் கையால் வைத்தால்தான் எனக்குப் பிடிபடும். இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் நீலம், நடுவில் இரண்டும் கலந்த ஒரு பட்டை. ஓரங்களில் இருப்பவர்களைப் பற்றித் தைரியமாகப் பேசலாம். நடுவில் இருப்பவர்களைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. எல்லைக் கோட்டை 6.95-இல் போட்டதும் குறியீட்டைவிடத் தெளிவாகவே மேம்பட்டது. ஆனால் கோட்டையும் இதே 30 பேரை வைத்துப் போட்டு, சோதனையையும் இதே 30 பேரிடம் நடத்துவது தானே கேள்வி தயாரித்துத் தானே பரீட்சை எழுதுகிற மாதிரி. ஒவ்வொருவராக விலக்கி, மீதி 29 பேரை வைத்துக் கோடு போட்டு, விலக்கியவரைக் கணிக்கும்படி செய்ததும் கொஞ்சம் இறங்கியது. அந்த இறங்கிய எண்தான் நேர்மையானது.

ஒரு பல்லோடு நிறுத்தாமல் மேல், கீழ் கோரைப்பற்கள், கடைவாய்ப்பற்கள் என்று பல அளவுகளைச் சேர்த்து ஒரே சமன்பாட்டில் போடும் முறை 1972-இலிருந்தே இருக்கிறது. டிட்ச், ரோஸ் என்ற இருவர் தொடங்கிவைத்தது. அகலத்தோடு கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம் வரையுள்ள தடிமனையும் சேர்ப்பார்கள். தொடும் புள்ளிகளின் தேய்மானம் தடிமனைப் பாதிப்பதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது. அடுத்த சுற்றில் அதைத்தான் அளக்கிறேன். ஆனால் சமன்பாடு எந்த மக்களை அளந்து வந்ததோ அந்த மக்களுக்குத்தான் பொருந்தும். 0.274-ஐத் தென் கன்னடத்திலிருந்து தூக்கிவந்து நம் ஊர்ப் பிள்ளைகள் தலையில் வைத்ததும் நான் செய்த தப்புகளில் ஒன்றுதான்.

டி.என்.ஏ. இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். பல்லுக்குள் இருக்கும் கூழிலிருந்து டி.என்.ஏ. எடுத்து அமெலோஜெனின் என்ற மரபணுவைப் பார்ப்பார்கள். எனாமல் உருவாக்கும் புரதத்தின் மரபணுதான் அது. வழக்கமான சோதனையில் எக்ஸில் இருப்பது 106 எழுத்து நீளம் காட்டும், ஒய்யில் இருப்பது 112. ஒரே நீளம் வந்தால் பெண், இரண்டும் வந்தால் ஆண். நான் ஐந்து மாதம் வெர்னியரோடு மல்லுக்கட்டியதை அது ஆறு எழுத்தில் முடித்துவிடுகிறது. அதிலும் ஒரு பொத்தல் உண்டு: 2002-இல் ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யின் ஆய்வாளர்கள் 270 இந்திய ஆண்களைப் பார்த்ததில் 5 பேருக்கு ஒய்யில் அந்தத் துண்டே காணோம். சோதனை அவர்களைப் பெண் என்றுதான் சொல்லும். இதைப் படித்தபோது எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இப்போது தாடை எலும்பு வந்தால் நான் எழுதும் வரி இது: கோரைப்பல் அளவு ஆண்களிடம் அதிகம் காணப்படும் வரம்பில் உள்ளது, இதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது, டி.என்.ஏ. பரிசோதனைக்குப் பல் பாதுகாக்கப்பட்டுள்ளது. நடுப் பட்டையில் விழுந்தால் முதல் பகுதியையும் எழுதுவதில்லை.

19-ஆம் எண்ணைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அகலம் 7.42, தூரம் 26.90, குறியீடு 0.276. முப்பதில் 0.274-ஐத் தைரியமாகத் தாண்டிய ஒரு சிலவற்றில் ஒன்று. வெறும் அகலத்தை வைத்துப் பார்த்தாலும் வலது ஓரம். குறியீடு, அகலம், என் கண் மூன்றும் ஒரே குரலில் ஆண் என்று சொன்ன காஸ்ட் அது. முண்டு இல்லை, சுருக்கம் இல்லை, நுனி ஊசி மாதிரி. என் குறிப்பேட்டில் அதற்குப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் போட்டு, 'இது நிச்சயம்' என்று வேறு எழுதியிருந்தேன். பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே பெயர் இல்லை, 'பெண்' என்று மட்டும் இருந்தது. அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்டோன் ஊற்றும்போது அதிரவைக்கும் வைப்ரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பதாவது ஆள் வரலையேம்மா. மே மாசம் உங்க வாயில எடுத்தது சும்மாதானே இருக்குன்னு அதைச் சேர்த்துட்டேன்."

அன்றிலிருந்து லேபுக்குள் நுழைந்தால் "வாங்க சார்" என்றுதான் கூப்பிடுகிறார்.